டிஸ்க் ரீட் எரரும் ரிச்சர்ட் ஹாமிங்கும்

உங்க ரூம்ல ஒரு பழைய கேம் கன்சோல் இருக்குன்னு வெச்சுக்கோங்க. பாஸ் அவுட் ஆன சீனியர் விட்டுட்டுப் போனது. கடைசி இன்டர்னல் முடிஞ்ச ராத்திரி நாலு பேர் சுத்தி உட்கார்ந்து டிஸ்க்கை உள்ளே தள்ளுறீங்க. டிரைவ் சுத்துது, நிக்குது, மறுபடி சுத்துது. உள்ளேயிருந்து டிக் டிக்னு ஒரு சின்ன சத்தம். ஒரு நிமிஷம் கழிச்சு, டிஸ்க்கைப் படிக்க முடியலைன்னு திரையில ஒரே ஒரு வரி.

என்ன கோளாறு? டிஸ்க்ல கீறலா, லென்ஸ்ல தூசியா, லேசருக்கு வயசாயிடுச்சா, மோட்டார் தேய்ஞ்சிடுச்சா, இல்ல டிரைவுக்குள்ள இருக்கிற ஃபர்ம்வேர் கெட்டுப்போச்சா? அந்த ஒரு வரி எதையுமே சொல்லாது. தப்பு இருக்குன்னு மட்டும் சொல்லும், எங்கே இருக்குன்னு சொல்லாது. நமக்கு எரிச்சல் வர்றதே அதனாலதான்.

இதே எரிச்சல் 1947 வாக்கில் அமெரிக்காவில் ஒரு கணித ஆளுக்கு வந்தது. நாம திட்டிட்டுத் தூங்கிடுவோம், அவர் தூங்கலை. அவர் கண்டுபிடிச்ச விஷயத்தோட வாரிசுதான் இன்னிக்கு உங்க டிரைவுக்குள்ள, கீறல் விழுந்த டிஸ்க்கையும் முடிஞ்சவரைக்கும் படிச்சுக் கொடுத்துட்டு இருக்கு. அவர் பேர் ரிச்சர்ட் வெஸ்லி ஹாமிங். டிஜிட்டல் கம்யூனிகேஷன் பேப்பர்ல ஹாமிங் கோட், ஹாமிங் டிஸ்டன்ஸ். டிஎஸ்பி லேப்ல ஹாமிங் விண்டோ. பேரை எல்லாரும் எழுதியிருப்போம். ஆளைப் பத்தி யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க. சிலபஸ்ல இல்லாததால நாம பார்த்துடலாம்.

இன்ஜினியரிங் சீட் கிடைக்காத பையன்

ஹாமிங் 1915 பிப்ரவரி 11 அன்று சிகாகோவில் பிறந்தார். அவர் கல்லூரிக்குப் போற வயசுல அமெரிக்கா பெரும் பொருளாதார வீழ்ச்சியில் இருந்தது. அவர் ஆசைப்பட்டது இன்ஜினியரிங். ஆனா கையில் பணம் இல்லை. உதவித்தொகை கொடுக்க முன்வந்த ஒரே இடம் சிகாகோ பல்கலைக்கழகம், அங்கே இன்ஜினியரிங் துறையே கிடையாது. வேற வழியில்லாம கணிதம் எடுத்தார். 1937-இல் இளங்கலை, 1939-இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் முதுகலை, 1942-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். அதே வருஷம் வாண்டாவைக் கல்யாணம் செய்துகொண்டார்.

கேட்ட பிராஞ்ச் கிடைக்கலைன்னு இன்னும் புலம்பிட்டு இருக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்கணும். இன்ஜினியர் ஆகியிருந்தா சாக்கடை மூடியைத் திறந்து இறங்குற வேலையில இருந்திருப்பேன், ஆராய்ச்சியோட முன்வரிசை கிடைச்சிருக்காதுன்னு பின்னாளில் அவரே சொல்லியிருக்கார். ஆனா ஒண்ணு. கணிதத்துக்குள்ள போனாலும் அவர் மூளை இன்ஜினியர் மூளையாவே இருந்தது. நிரூபிச்சா போதாது, ஓடணும்.

1945-இல் அவர் லாஸ் அலமோஸுக்குப் போனார். அணுகுண்டு செஞ்ச இடம். அங்கே அவர் வேலை, ஐபிஎம் கணக்கிடும் இயந்திரங்களை ஓட வைப்பது. இயற்பியல் மேதைகள் கணக்கைக் கொடுப்பாங்க, இவர் இயந்திரத்தைக் கட்டி மேய்க்கணும். தன்னை ஒரு துப்புரவுப் பணியாளர் மாதிரிதான் அவர் சொல்லிக்கொண்டார். வாண்டாவும் அங்கேயே கணக்கு வேலையில் சேர்ந்தார். குண்டு வெடிச்சா பூமியோட காற்று மண்டலமே பத்திக்கொள்ளுமா என்ற கணக்கைச் சரிபார்க்கும் வேலையும் ஒருமுறை இவரிடம் வந்தது. ஒரு கூட்டல் தப்பினால் என்ன ஆகும் என்பதை அதுக்கு மேல அழுத்தமா யாரும் கத்துக்க முடியாது.

காலியா வந்த திங்கட்கிழமை

1946-இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். சேர்த்தது நெகிழ்வியல் கணிதத்துக்கு, ஆனா அவர் பெரும்பாலும் கணிப்பொறி பக்கமே சுத்தினார். கொஞ்ச காலம் அறையைப் பகிர்ந்துகொண்டது யாரோடன்னு தெரியுமா? கிளாட் ஷானன். தகவல் கோட்பாட்டை உருவாக்கிய அதே ஷானன்தான்.

ஹாமிங் பயன்படுத்தியது ஒரு ரிலே கணினி. அதில் டிரான்சிஸ்டர் இல்லை. ஆயிரக்கணக்கான ரிலேக்கள் டக் டக்னு அடிச்சுக்கிட்டு, காகித நாடாவில் இருந்து எண்களைப் படிக்கும். ரிலேன்னா தெரியுமே, ஒரு தூசி காண்டாக்ட்ல உட்கார்ந்தா போச்சு. அதனால வடிவமைத்தவங்க ஒரு பாதுகாப்பு வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு இலக்கத்துக்கும் உள்ள ரிலேக்களில் சரியா இரண்டுதான் ஆன் ஆகியிருக்கணும். ஒண்ணு ஆனாலும் மூணு ஆனாலும் தப்புன்னு இயந்திரத்துக்கே தெரிஞ்சுடும்.

பகல்ல தப்பு வந்தா பக்கத்துல ஆள் இருப்பாங்க, சரிபண்ணிட்டு ஓட்டுவாங்க. ஆனா ஹாமிங்குக்கு மெஷின் கிடைச்சது வார இறுதியில். அப்போ ஆள் இருக்க மாட்டாங்க. தப்பு வந்தா மெஷின் என்ன செய்யும்? அந்தக் கணக்கைத் தூக்கிப் போட்டுட்டு வரிசையில் அடுத்த கணக்குக்குப் போயிடும். நம்ம கன்சோல் டிஸ்க்கை வெளியே துப்புற மாதிரியேதான்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தார். விடை இல்லை. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு மறுபடி ஏத்தினார். அடுத்த திங்கட்கிழமையும் விடை இல்லை. அந்த விடையை நம்பி வேற ஆட்களும் காத்திருந்தாங்க. அப்போதான் அவர் மனசுல அந்தக் கேள்வி வந்தது. தப்பு நடந்திருக்குன்னு கண்டுபிடிக்கிற அளவுக்கு மெஷினுக்குத் தெரியுது. அப்படின்னா எந்த இடத்தில்னு கண்டுபிடிச்சு, தானே திருத்திட்டுப் போக ஏன் தெரியக்கூடாது?

இங்கே கொஞ்சம் நில்லுங்க. அந்த ஆய்வகத்தில் அந்த மாதிரி மெஷினைப் பலபேர் பயன்படுத்தினாங்க. எல்லாருக்கும் கணக்கு பாதியில் நின்னுருக்கும். மெஷின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டாங்க. கோபம் எல்லாருக்கும் பொது. அந்தக் கோபத்தைத் தெளிவான ஒரு கேள்வியா மாத்தினதுதான் ஹாமிங்கோட பங்கு.

தபால் வண்டியில் வந்த விடை

முதல்ல அவர் யோசிச்சது எளிமையான வழி. பிட்களைச் செவ்வகமா அடுக்கு. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பேரிட்டி பிட், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பேரிட்டி பிட். அதாவது வரிசையில் உள்ள 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையா வரும்படி ஒரு பிட்டைச் சேர்த்துக்கறது. ஒரு பிட் மாறிப்போனா ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் கத்தும். ரெண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் திருடன் இருக்கான். பிட் என்பது 0 அல்லது 1 தானே, இடம் தெரிஞ்சா திருப்பிப் போட்டா போதும்.

வேலை செய்யுது. ஆனா கூடுதல் பிட் நிறைய செலவாகுது. அவருக்குத் திருப்தி இல்லை. ஆய்வகத்தின் தபால் வண்டியில் நியூ ஜெர்சி வழியா நியூயார்க் போகும்போது இதையே மனசுல அசைபோட்டுக்கிட்டு இருந்தார். திடீர்னு தோணியது: செவ்வகத்துக்குப் பதிலா முக்கோணமா அடுக்கி, சாய்கோட்டில் மட்டும் பேரிட்டி வெச்சா, ஒரே பிட் ஒரு வரிசையையும் ஒரு நெடுவரிசையையும் சேர்த்துக் காவல் காக்குமே! பிட் மிச்சம். அங்கேயும் நிக்கலை. கனசதுரமா அடுக்கினா? நாலு பரிமாணத்தில்? அப்படியே ஏறிப்போய் கடைசியில் ஒரு அழகான இடத்தில் நின்னார். ஒவ்வொரு சோதனையும் சரி அல்லது தப்புன்னு ஒரு பிட் விடை தருது. அந்த விடைகளைச் சேர்த்து எழுதினா கிடைக்கிற பைனரி எண்ணே பிழை இருக்கும் இடத்தோட எண்ணா அமையட்டும்!

பேப்பரும் பேனாவும் எடுங்க, ஒருதரம் போட்டுப் பார்த்துடலாம். 7 இடங்கள். 1, 2, 4 ஆகிய இடங்கள் சோதனைப் பிட்கள். 3, 5, 6, 7 ஆகிய இடங்கள் தரவு. நாம அனுப்ப வேண்டிய தரவு 1011.

முதல் சோதனை 1, 3, 5, 7 ஆகிய இடங்களைப் பார்க்கும். இரண்டாவது 2, 3, 6, 7. மூன்றாவது 4, 5, 6, 7. ஒவ்வொண்ணுலயும் 1-கள் இரட்டைப்படையா இருக்கணும். அப்படி நிரப்பினா வருவது 0110011.

இப்போ வழியில் 5-ஆம் பிட் கெட்டுப்போச்சுன்னு வைங்க. வந்து சேர்வது 0110111. முதல் சோதனையில் மூணு 1. தப்பு. இரண்டாவதில் நாலு 1. சரி. மூன்றாவதில் மூணு 1. தப்பு. தப்புன்னு சொன்ன சோதனைகளின் சொந்த எண்கள் 1, 4. கூட்டுங்க. 5. கெட்டுப்போன இடம் அதேதான்.

மூணே மூணு ஆமாம்-இல்லை கேள்விகள். எட்டு விதமான விடைகள் சாத்தியம். ஏழு விடை ஏழு இடங்களைக் குறிக்கும், எட்டாவது எல்லாம் நலம்னு சொல்லும். ஒரு விடைகூட வீணாகலை. இந்தச் சிக்கனம்தான் ஹாமிங் கோடின் அழகு.

ஷானன் 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் இதை ஹாமிங்கின் முறைன்னு குறிப்பிட்டுச் சேர்த்தார். ஆனா ஹாமிங்கோட சொந்தக் கட்டுரை 1950 வரை வரலை. ஆய்வகம் முதல்ல காப்புரிமை வாங்கணும்னு நிறுத்தி வெச்சது. கணித சூத்திரத்துக்கு எப்படிக் காப்புரிமை கிடைக்கும்னு அவர் நம்பலை. வாங்கிக் காட்டினாங்க. நடுவில் 1949-இல் மார்செல் கோலே இதே திசையில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டுவிட்டார்.

உங்க டிரைவுக்குள்ள நடப்பது

ஹாமிங் கோடுக்கு ஒரு எல்லை உண்டு. ஒரு பிட் கெட்டா திருத்தும். ரெண்டு பிட் கெட்டா தப்பான இடத்தைக் காட்டி, நல்ல பிட்டையும் கெடுத்துடும். டிஸ்க்ல விழுற கீறல் ஒரு பிட்டோட நிக்காது, வரிசையா ஆயிரக்கணக்கான பிட்களை அழிக்கும். அதனால 1960-இல் இர்விங் ரீட், குஸ்டவ் சாலமன் ரெண்டு பேரும் பிட்டுக்குப் பதிலா பிட் கூட்டங்களைத் திருத்தும் முறையைக் கொண்டுவந்தாங்க. 1982-இல் சிடி கடைக்கு வந்தபோது அதுக்குள்ள இருந்தது அந்த முறைதான். கூடவே ஒரு தந்திரம்: பக்கத்து பக்கத்து பைட்களை டிஸ்க்ல தள்ளித் தள்ளி எழுதுறது. கீறல் ஒரே இடத்தில் விழுந்தாலும், திரும்ப வரிசைப்படுத்தும்போது சேதம் சிதறி, திருத்தக்கூடிய சின்னச் சின்ன காயமா ஆயிடும். டிவிடியில் ஹாமிங்கோட பழைய செவ்வகமே பெரிய உருவத்தில் திரும்பி வந்தது. 172-க்கு 192 பைட் அடுக்கு, வரிசைக்கு 10 பைட், நெடுவரிசைக்கு 16 பைட் காவல்.

இதுக்கு மேல உட்கார்ந்திருக்கிறதுதான் டிரைவ் ஃபர்ம்வேர். திருத்த முடியலைன்னு கணக்குச் சில்லு சொன்னதும் அது உடனே கைவிடாது. மறுபடி படிக்கச் சொல்லும், வேகத்தைக் குறைக்கும், லென்ஸை மேலும் கீழும் நகர்த்தி ஃபோகஸ் தேடும். நீங்க கேட்ட டிக் டிக் சத்தம் அநேகமா அதுதான். எல்லாம் தோத்த பிறகுதான் திரையில் அந்த ஒரு வரி.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கு. நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சுன்னு நாம சொல்றது பெரும்பாலும் உண்மை இல்லை. லேசர் மாசக்கணக்கா பலவீனமாகிட்டே வந்திருக்கும், பிழைகள் கூடிட்டே இருந்திருக்கும், கோட் அமைதியா திருத்திட்டே வந்திருக்கும். எல்லை தாண்டிய அன்னிக்குத்தான் நமக்குத் தெரியும்.

அப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஹாமிங் மாதிரிதான். ஒண்ணோட ஒண்ணு வெட்டிக்கொள்ளும் கேள்விகளைக் கேளுங்க. இதே டிஸ்க் வேற கன்சோல்ல ஓடுதா? வேற டிஸ்க் இந்த டிரைவ்ல ஓடுதா? டிவிடி படம் ஓடி, ப்ளூ-ரே மட்டும் ஓடலையா?

டிஸ்க் எங்கேயும் ஓடலைன்னா டிரைவைத் தொடாதீங்க. டிவிடி ஓடி ப்ளூ-ரே ஓடலைன்னா மோட்டாரும் கேபிளும் அநேகமா நல்லா இருக்கு. ரெண்டுக்கும் வேற வேற லேசர் என்பதால் ப்ளூ-ரே லேசரையும் லென்ஸையும் சந்தேகப்படுங்க. சுத்தவே இல்லைன்னா ரிப்பன் கேபிள், பவர், டிஸ்க் உள்ளே வந்ததை உணரும் சென்சார். படங்கள் எல்லாம் ஓடி, ஒரிஜினல் கேம் ஒண்ணுகூடத் திறக்கலை, அதுவும் டிரைவை மாத்தின பிறகுதான் என்றால், ஃபர்ம்வேர் பக்கம் பாருங்க. சில கன்சோல்களில் டிரைவ் போர்டும் மதர்போர்டும் ஒரு ரகசிய எண்ணால் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கும். வேற டிரைவ் போட்டா மதர்போர்டு அதை நம்பாது. அதனால பழைய டிரைவோட போர்டைத் தூக்கி எறிஞ்சுடாதீங்க. புது டிரைவின் இயந்திரப் பகுதியோடு அதே மாடலின் பழைய போர்டைச் சேர்த்துப் போடுறதுதான் வழக்கமான வழி.

நம்மாளுங்க நேரா செய்யுறது என்ன? கோளாறு எங்கேன்னு தெரியறதுக்கு முன்னாடியே ஃபர்ம்வேரைத் திரும்ப ஏத்துறது. நடுவில் கரண்ட் போனா ஒரு கோளாறு ரெண்டாயிடும். ரெண்டு பிழை வந்தா ஹாமிங் கோடே குழம்பும், நாம எம்மாத்திரம்?

கேள்வி கேட்டு விரட்டப்பட்டவர்

ஹாமிங் எல்லாருக்கும் பிடிச்ச ஆள் இல்லை. பெல் ஆய்வக கேன்டீனில் வேதியியல் ஆட்கள் உட்காரும் மேசையில் போய் உட்காருவார். உங்க துறையில் முக்கியமான பிரச்னைகள் எவைன்னு கேட்பார். கொஞ்ச நாள் கழிச்சு, நீங்க அதில் எதில் வேலை செய்றீங்கன்னு கேட்பார். இன்னும் கொஞ்ச நாள் கழிச்சு, நீங்க செய்யறது முக்கியம் இல்லைன்னா ஏன் செய்றீங்கன்னு கேட்பார். அந்த மேசையில் அப்புறம் அவருக்கு இடம் இல்லாம போச்சு. வேற மேசை தேடினார். கேள்வியை மனசில் வாங்கிக்கொண்ட ஒருத்தர் மட்டும் பின்னாளில் துறைத் தலைவரானார்.

அந்தக் கேள்வியைத் தன்னையும் கேட்டுக்கொண்டார். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கமான வேலை எதுவும் கிடையாது. கணினி வந்தா அறிவியல் எப்படி மாறும் என்ற மாதிரிப் பெரிய விஷயங்களை மட்டும் யோசிக்கறதுன்னு வழக்கம் வெச்சிருந்தார். அசைன்மென்ட்டை வெள்ளிக்கிழமை ராத்திரி காப்பி அடிக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும்.

1968-இல் டூரிங் விருது. 1976-இல் பெல் ஆய்வகத்தை விட்டு, கலிஃபோர்னியாவின் மான்டரேயில் உள்ள கடற்படை முதுநிலைக் கல்லூரிக்கு ஆசிரியரா போனார். 1986 மார்ச்சில் பெல்கோர் நிறுவனத்தில் ஆராய்ச்சி வாழ்க்கை பத்தி அவர் பேசிய உரை இன்னிக்கும் இணையத்தில் சுத்துது, தேடிப் படிங்க. அவர் பெயரில் உருவான ஐஇஇஇ பதக்கம் 1988-இல் முதன்முதலாக அவருக்கே கொடுக்கப்பட்டது. 1997 டிசம்பர் வரை வகுப்பு எடுத்தார். சில வாரங்களில், 1998 ஜனவரி 7 அன்று, 82 வயதில் இறந்தார்.

இன்னிக்கு சர்வர் மெமரியில் 64 பிட் தரவுக்கு 8 பிட் காவல் வெச்சு ஓட்டுறாங்களே, அதுக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் அவர் கோடின் நீட்சிதான். நீங்க ஆன்லைன்ல ஃபீஸ் கட்டும்போதும் எங்கோ ஒரு மெமரிச் சில்லு ஒரு பிட்டைச் சத்தமில்லாம திருத்தியிருக்கலாம்.

அடுத்த தடவை கன்சோல் டிஸ்க்கைத் துப்பும்போது, சர்க்யூட் லேப்ல அவுட்புட் வராதபோது, கோட் ஓடாதபோது, உடனே எதையாவது மாத்திப் பார்க்காதீங்க. முதல்ல மூணு கேள்வி எழுதுங்க. ஒவ்வொண்ணும் பாதி சந்தேகத்தையாவது வெட்டுற மாதிரி இருக்கணும். விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. இடம் தெரிஞ்சுட்டா திருத்தறது பெரும்பாலும் சின்ன வேலை.

அப்புறம் அந்தச் சீனியர் கன்சோல். முதல்ல லென்ஸைத் துடைச்சுப் பாருங்க.